சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டும்: அலுவலகத்தில் பிடி யாரிடம்?

எம்.டி. கையெழுத்துப் போட்ட கோப்பு கணக்குப் பிரிவில் பத்து நாள் தூங்கும். கேட்டால் “மேடம் பாத்துட்டு அனுப்புவாங்க” என்று பதில் வரும். “சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே” என்று முணுமுணுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நிர்வாகவியலில் முதல் பாடமாக வைக்கத் தக்க விஷயம் அந்த முணுமுணுப்பில் இருக்கிறது. உத்தரவிடும் உரிமை ஒருவரிடம் இருக்கும். காரியம் நகர்வதும் நிற்பதும் இன்னொருவர் கையில் இருக்கும்.

குழப்பம் வராமல் இருக்க மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம். பதவியோடு சேர்ந்து வருவது அதிகாரம்: எத்தனை ரூபாய் வரை ஒப்புதல் தரலாம், யாருடைய விடுப்பில் கையெழுத்திடலாம் என்பதெல்லாம் விதியில் எழுதியிருக்கும். பிடி எங்கும் எழுதப்பட்டிருக்காது. நீங்கள் நினைத்தபடி இன்னொருவரை நடக்கவைக்கவோ, நடக்கவிடாமல் நிறுத்தவோ உங்களுக்கு உண்மையில் இருக்கும் வலு அது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் சரியான விடை ஒன்று இல்லாத இடத்தில், அந்தப் பிடியை வைத்து முடிவைத் தன் பக்கம் சாய்க்கப் பார்ப்பது அரசியல். அது கெட்ட வார்த்தை அல்ல. கெட்ட நோக்கத்துக்கும் பயன்படும், நல்ல நோக்கத்துக்கும் பயன்படும், அவ்வளவுதான்.

பிடி எங்கே பிறக்கிறது என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ரிச்சர்ட் எமர்சன் 1962-ல் எளிமையாக விளக்கினார். உங்கள் மீது எனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது, நீங்கள் என்னை எவ்வளவு நம்பியிருக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதுவும் இரண்டு விஷயங்களால் கூடும், குறையும். என்னிடம் இருப்பது உங்களுக்கு எவ்வளவு தேவை? அது வேறு எங்காவது கிடைக்குமா? சம்பளப் பட்டியல் போடத் தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் மாதக் கடைசியில் அவரிடம் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்த மறுமாதம் அவருடைய குரலும் மற்றவர்கள் குரலும் ஒரே சுருதிக்கு வந்துவிடும்.

சிகரெட் ஆலையில் யார் ராஜா?

இதற்கு மிகத் தெளிவான சான்று பிரான்ஸிலிருந்து வருகிறது. அங்கே சிகரெட் தயாரிப்பு அரசின் ஏகபோகமாக இருந்தது. அந்த ஆலைகளை ஆராய்ந்த சமூகவியலாளர் மிஷேல் குரோஸியே தன் முடிவுகளை 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்டார். ஆலைக்குள் எல்லாமே விதிப்படி நடந்தது. ஆள் எடுப்பதற்குத் தேர்வு, இடமாற்றத்துக்குப் பணிமூப்பு, உற்பத்திக்கு நிர்ணயித்த அளவு. மேலாளர் தன் விருப்பத்துக்கு எதையும் மாற்ற முடியாது. அதனால் பதவி பெரிதாக இருந்தும் அவரிடம் யாருக்கும் பெரிய பயம் இல்லை.

ஒன்று மட்டும் யார் சொல்லுக்கும் கட்டுப்படவில்லை. இயந்திரம் எப்போது நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. நின்றால் அதை ஓட்டும் தொழிலாளர்களுக்குத்தான் நஷ்டம். பழுது பார்க்கும் மெக்கானிக்குகள் வந்தால்தான் அது மறுபடி ஓடும். இயந்திரத்தை ஓட்டுபவரும் சரி, மேற்பார்வையாளரும் சரி, ஸ்பானரைத் தொடக் கூடாது. இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: இயந்திரங்களின் வரைபடங்களும் பராமரிப்புக் குறிப்புகளும் ஆலைகளிலிருந்து காணாமல் போயிருந்தன. எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது மெக்கானிக்கின் தலைக்குள் மட்டும் இருந்தது. பதவி வரிசையில் கீழே இருந்த அவர்கள்தான் ஆலையின் நிஜ ராஜாக்கள்.

குரோஸியே கண்ட உண்மை இதுதான்: எல்லாம் விதிப்படி நடக்கும் இடத்தில், விதிக்குள் அடங்காத கடைசி நிச்சயமின்மை யார் கையில் இருக்கிறதோ அவரிடம் பிடி சேரும். உங்கள் அலுவலகத்திலும் அந்த மெக்கானிக் இருப்பார். பழைய சர்வரின் கடவுச்சொல் தெரிந்தவர், பெரிய வாடிக்கையாளர் தொலைபேசியில் கேட்கும் ஒரே ஆள், ஜி.எஸ்.டி. அதிகாரியிடம் பேசத் தெரிந்தவர். யாரும் எழுதிவைக்காத வேலைமுறை எங்கே இருக்கிறது என்று தேடினால் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஆவணம் எழுதித் தரச் சொன்னால் அவர் ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறார் என்பதும் அப்போது புரியும். அது சோம்பல் அல்ல. எழுதிக் கொடுத்த அன்றே பிடி கைமாறிவிடும் என்று அவருக்குத் தெரியும்.

1971-ல் டேவிட் ஹிக்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதையே தனிமனிதரிலிருந்து துறைகளுக்கு விரித்தார்கள். ஒரு துறைக்கு எவ்வளவு பிடி என்று அறிய மூன்று கேள்விகள் போதும். நிறுவனத்துக்கு வரும் நிச்சயமின்மையை அந்தத் துறை சமாளிக்கிறதா? அந்த வேலையை வெளியாட்கள் செய்துவிட முடியுமா? அது ஒரு நாள் நின்றால் எத்தனை துறைகள் கூடவே நிற்கும்? ஒரு நிறுவனத்தில் விற்பனைத் துறையின் சொல் எடுபடுவதற்கும், இன்னொன்றில் சட்டத் துறை சொல்வதே வேதமாவதற்கும் காரணம் இந்த மூன்றில் இருக்கும்.

தனிமனிதருக்குப் பிடி தரும் ஊற்றுகளை ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் 1959-ல் ஐந்தாகப் பிரித்தார்கள். பதவி, வெகுமதி தரும் கை, தண்டிக்கும் கை, தொழில் அறிவு, ‘இவரைப் போல இருக்க வேண்டும்’ என்று மற்றவர்களை நினைக்கவைக்கும் மதிப்பு. எந்த நிர்வாகப் பாடத்திலும் இந்தப் பட்டியல் வரும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முதல் மூன்றும் நாற்காலியோடு வந்து நாற்காலியோடு போகும், கடைசி இரண்டும் ஆளோடு போகும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பது தடி கையில் இருக்கும்வரைதான். ஓய்வுபெற்ற மறுநாள் சில மேலாளர்களுக்கு ஒரு அழைப்பும் வராது. சிலருக்குப் பத்து ஆண்டு கழித்தும் வரும்.

வாய்க்கால் வெட்டுகிறவர்கள்

எல்லா முடிவிலும் அரசியல் நுழைவதில்லை. பிரிண்டருக்கு மை தீர்ந்தால் யாரும் அணி சேர்வதில்லை. பங்கு போடும் பொருள் குறைவாக இருக்க வேண்டும், எதை வைத்துப் பங்கிடுவது என்பதில் ஒற்றுமை இருக்கக் கூடாது, விஷயமும் முக்கியமானதாக இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் அரசியல் வந்தே தீரும். பதவி உயர்வு, பட்ஜெட், ஆள் ஒதுக்கீடு ஆகிய மூன்றைச் சுற்றியே புகைச்சல் அதிகம் இருப்பதன் காரணம் இது.

பட்ஜெட்டில் இது எப்படி நடக்கிறது என்பதை ஜெஃப்ரி ஃபெஃபரும் ஜெரால்ட் சாலன்சிக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1974-ல் வெளியிட்டார்கள். எந்தத் துறைக்குச் செல்வாக்கு அதிகம் என்று துறைத் தலைவர்களிடமே கேட்டார்கள். முக்கியக் குழுக்களில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்த்தார்கள். மாணவர் எண்ணிக்கை போன்ற ‘நியாயமான’ அளவுகோல்களைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், செல்வாக்குள்ள துறைகளுக்குக் கூடுதல் பங்கு போயிருந்தது. எந்த அளவுகோலை வைத்துப் பங்கிட வேண்டும் என்று கேட்டபோது, தங்களுக்குச் சாதகமானதையே துறைகள் முன்வைத்தன. ஆராய்ச்சி நிதி கொண்டுவரும் துறை ஆராய்ச்சியைப் பார் என்னும், மாணவர் நிறைந்த துறை தலையை எண்ணு என்னும். இரண்டும் பொய் அல்ல, எந்த உண்மை எடைபோடும் கல்லாக வேண்டும் என்பதுதான் சண்டை. வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான புள்ளிவிவரம் கிடைக்காது.

ஆகவே கூட்டத்தில் ‘யார் ஜெயித்தார்’ என்பதை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எந்த விஷயம் கூட்டத்துக்கே வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பீட்டர் பக்ராக், மார்ட்டன் பாராட்ஸ் இருவரும் 1962-ல் இதைப் பிடியின் இரண்டாம் முகம் என்றார்கள். ஒரு கோரிக்கையைத் தோற்கடிக்க அதை எதிர்த்துப் பேச வேண்டிய அவசியமே இல்லை, அஜெண்டாவில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அஜெண்டாவைத் தயாரிப்பவர், எந்த மூன்று விருப்பத்தேர்வுகளைக் காட்டுவது என்று ஸ்லைடு போடுபவர், எதை எட்டாவது விஷயமாக வைத்தால் மதியச் சாப்பாட்டு அவசரத்தில் அடித்துச் செல்லப்படும் என்று தெரிந்தவர், கடைசியில் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எழுதுபவர். இவர்களில் ஒருவரும் ஓட்டுப் போடாமலே இருக்கலாம். ஆனாலும் பாதி முடிவு அவர்களுடையது.

ஒரு இரவு, ஒரு தொலைபேசிக் கூட்டம்

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே கூட்டத்தில் நடந்த இரவு ஒன்று உண்டு. 1986 ஜனவரி 27. சேலஞ்சர் விண்கலம் மறுநாள் காலை ஃபுளோரிடாவிலிருந்து கிளம்ப வேண்டும். அன்றிரவு கடும் குளிர் என்று முன்னறிவிப்பு. விண்கலத்தின் திட எரிபொருள் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தையகால் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குக் கவலை: ராக்கெட் துண்டுகள் சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிட்டால் சூடான வாயு கசியும். யூட்டாவில் தையகால், அலபாமாவில் நாசாவின் மார்ஷல் மையம், ஃபுளோரிடாவில் ஏவுதளம் என மூன்று இடங்களிலிருந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் தொலைபேசியில் கூடினார்கள்.

53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 12 செல்சியஸுக்குக் கீழே, ஏவக் கூடாது என்று தையகால் பரிந்துரைத்தது. அதுவரை ஏவியதிலேயே மிகக் குளிரான ஏவலில் அந்த வளையங்கள் இருந்த வெப்பநிலை அது. மார்ஷல் மையத்தின் ராக்கெட் திட்ட மேலாளர் லாரி மல்லாய், அப்படியானால் ஏப்ரலில்தான் ஏவ முடியுமா என்று சீறினார். தையகால் ஐந்து நிமிடம் கேட்டு இணைப்பைத் துண்டித்தது. ஐந்து நிமிடம் அரை மணி நேரமாக நீண்டது. அந்த அறையில் பொறியாளர்கள் ரோஜர் பாய்ஜோலியும் ஆர்னி தாம்சனும் படங்களைக் காட்டி மறுபடி வாதாடினார்கள். கடைசியில் இது நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு என்றார் மூத்த அதிகாரி ஜெரால்ட் மேசன். இன்னும் தயங்கிக்கொண்டிருந்த பொறியியல் துணைத் தலைவர் ராபர்ட் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான்கு நிர்வாகிகள் மட்டும் முடிவெடுத்தார்கள். பரிந்துரை தலைகீழானது. ஏவுதளத்தில் இருந்த தையகால் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் கையெழுத்திட மறுத்தார், அதனால் யூட்டாவிலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு ஃபேக்ஸில் அனுப்பினார். மறுநாள் காலை சுமார் 36 டிகிரி ஃபாரன்ஹீட்டில் விண்கலம் கிளம்பியது. 73-ஆவது நொடியில் சிதறி, ஏழு பேரும் இறந்தார்கள்.

பிடி எங்கே இருந்தது என்று பாருங்கள். தொழில் அறிவு முழுக்க பொறியாளர்களிடம் இருந்தது. ஆனால் தையகாலுக்கு நாசா மிகப் பெரிய வாடிக்கையாளர், அடுத்த ஒப்பந்தம் பற்றிய பேச்சும் அப்போது நடந்துகொண்டிருந்தது. எமர்சன் சொன்ன நம்பியிருத்தல் இதுதான். முக்கியமான ஒரு வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்தவே தையகால் நிர்வாகம் தன் பொறியாளர்களின் கருத்துக்கு மாறாகப் போனது என்று விசாரித்த ரோஜர்ஸ் ஆணையமும் எழுதியது.

இன்னொன்று, நிரூபிக்கும் பொறுப்பு சத்தமில்லாமல் கைமாறியது. வழக்கமாக ‘பாதுகாப்பானது என்று நிரூபி, பிறகு ஏவலாம்’ என்பார்கள். அன்றிரவு ‘ஆபத்து என்று நிரூபி, அப்போதுதான் நிறுத்துவோம்’ என்றாகிவிட்டது. எந்தக் கூட்டத்திலும் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். யார் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லையோ, அவர் ஏற்கெனவே பாதி ஜெயித்துவிட்டார்.

பொறியாளர்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் பாடம் முழுமையாகாது. வளையம் பாதிக்கப்பட்ட ஏவல்களைப் பற்றியே அவர்கள் தாள்கள் பேசின. அவற்றில் ஒன்று 75 டிகிரியில் நடந்தது, அதைப் பிடித்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு வாதிட்டது. பாதிப்பே இல்லாத ஏவல்களையும் வெப்பநிலை வரிசையில் அதே தாளில் வைத்திருந்தால், அவை எல்லாம் சூடான நாட்களில்தான் நடந்தன என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். மெக்கானிக்கைப் போல இயந்திரம் உங்கள் கையில் இல்லாமல், பேசி நம்பவைக்க வேண்டிய இடத்தில், அறிவு தலைக்குள் இருக்கும்வரை அது பிடி ஆகாது. அவசரத்தில் இருக்கும் ஒருவர் ஒரு நிமிடத்தில் படிக்கும்படி தாளில் இறங்க வேண்டும். அதோடு, இப்படி ஒரு வாக்குவாதம் நடந்ததே ஏவுவதற்கு இறுதி ஒப்புதல் தரும் மேலதிகாரிகளுக்குத் தெரியாது. மேலே போனது கையெழுத்திட்ட தாள் மட்டும்.

நம் அளவுக்கு இறக்கிப் பார்த்தால்

200 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். எக்ஸெல்லில் ஓடும் ஸ்டோர்ஸ் கணக்கை மென்பொருளுக்கு மாற்ற வேண்டும், அந்தத் திட்டம் உங்கள் கையில். ஒரு தாளில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: பெயர், இது நடந்தால் இவர் எதை இழப்பார், இவரிடம் மற்றவர்களுக்குத் தேவையான எது இருக்கிறது, இவர் யார் பேச்சைக் கேட்பார். முழு அலுவலகத்துக்கும் போடாதீர்கள், இந்த ஒரு முடிவைத் தொடும் ஆறு முதல் பத்துப் பேருக்கு மட்டும் போதும். அரை மணி நேர வேலை. எழுதி முடித்தபின் அந்தத் தாளை மேசையில் விட்டுவிட்டு எழுந்துபோகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாம் கட்டம்தான் பொன். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் “சாஃப்ட்வேர் நல்லதுதான் சார், நம்ம ஐட்டத்துக்குச் சரிப்படாது” என்பார். அவர்தான் நம் சிகரெட் ஆலை மெக்கானிக். எந்த உதிரிபாகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்று அவருக்கு மட்டும் தெரியும், நாளை எல்லோர் திரையிலும் தெரியப்போகிறது. அம்சங்களை விளக்கி அவரைச் சம்மதிக்கவைக்க முடியாது. போகும் பிடிக்கு ஈடாக வேறொரு பிடி கொடுக்க வேண்டும். புது ஐட்டத்துக்குக் குறியீட்டு எண் கொடுக்கும் உரிமை அவருக்கு மட்டும், முதல் ஸ்டாக் எடுப்பு அவர் தலைமையில், இரண்டு மாதம் பழைய கணக்கும் புதிய கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போது வித்தியாசத்தில் கையெழுத்திடுபவர் அவர். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அந்த வேலைகளுக்கு நிஜமாகவே அவரைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாக 15, 20 நிமிடம் பாருங்கள். ஜப்பானிய நிறுவனங்களில் இதை நெமாவாஷி என்பார்கள். மரத்தை இடம் மாற்றி நடும் முன் வேரைச் சுற்றித் தோண்டித் தயார்செய்வதற்கான தோட்டக்காரர் சொல் அது. ஆதரவாளர்களை முதலில் பார்த்து ஆள் சேர்த்துக்கொண்டு போகத்தான் மனம் சொல்லும். வரிசையை மாற்றுங்கள், அதிகம் இழக்கப்போகிறவரை முதலில் பாருங்கள். எல்லோரும் சம்மதித்தபின் அவரிடம் போனால், நீங்கள் கேட்கவில்லை, சுற்றிவளைக்கிறீர்கள் என்று அவருக்குப் படும். நிர்வாகவியல் ஆய்வாளர் கேரி யூக்ல் போன்றவர்களின் ஆய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன: காரணம் காட்டிப் பேசுவதும், திட்டம் உருவாகும்போதே கருத்துக் கேட்பதும் மனமொத்த ஈடுபாட்டைத் தரும். நெருக்குவது, கூட்டணி சேர்த்து வருவது, ‘மேலிடத்து உத்தரவு’ என்று காட்டுவது ஆகியவை அதில் பின்தங்கிவிடும். ஆனால் மார்ச் கடைசி வாரத்தில் கணக்குப் பிரிவிடம் எந்தக் கருத்தும் கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் ‘இல்லை’ என்றுதான் வரும்.

தனியே தலையாட்டியவர் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டார். இது மிகச் சாதாரணம். அவருடைய மேலதிகாரியும் அங்கே இருப்பார், தலையாட்டல் இவருடையது, துறையினுடையது அல்ல. தனியே பேசும்போதே “இதைக் கூட்டத்துல நீங்களே சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டால் தெளிவாகிவிடும். தயங்கினால் அவருடைய ஆதரவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். “ஒரு கமிட்டி போடலாம்” என்று யாராவது சொன்னால் அது மறுப்பின் மரியாதையான வடிவமாக இருக்கலாம். எதிர்க்காமல் மூன்றை மட்டும் அங்கேயே எழுதி வாங்குங்கள்: யார் யார், எந்தத் தேதி, அந்தத் தேதிக்குள் அறிக்கை வராவிட்டால் என்ன நடக்கும். மூன்றாவதை எழுதாத கமிட்டி, கிணற்றில் போட்ட கல்.

எல்லாம் செய்தும் உங்கள் பேச்சு எடுபடாமல் போகலாம். முடிவு தவறு, அதிலும் பாதுகாப்பையோ பெரும் பணத்தையோ தொடுவது என்றால், அன்றே ஐந்து வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன முடிவானது, எந்தத் தகவலின் அடிப்படையில், உங்கள் கவலை என்ன, எது நடந்தால் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும், யார் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம், பெயர்ச்சொல்லும் எண்ணும் போதும். இந்தியக் கம்பெனிகள் சட்டம் 2013, இயக்குநர் குழுக் கூட்டத்தின் மினிட்ஸில் ஒரு தீர்மானத்துக்கு உடன்படாத இயக்குநர்களின் பெயரைப் பதிவுசெய்யச் சொல்கிறது. கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் மினிட்ஸ் வரைவு இயக்குநர்களுக்குப் போக வேண்டும் என்பது கம்பெனிச் செயலர் கழகத்தின் தரநிலை. திருத்தம் சொல்ல அவர்களுக்கு ஏழு நாள் உண்டு. துறை அளவிலான கூட்டங்களுக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. அதனால், “மினிட்ஸ் நான் எழுதறேன்” என்று முதலில் கை தூக்குங்கள். அந்த வேலைக்கு அநேகமாகப் போட்டி இருக்காது.